தொலைநிலையில் பயில்வோரும் வரலாற்று ஆய்வுத் தலைப்பும்

கல்லூரிக்கு நேரில் சென்று பயில இயலாதவர்க்கு அஞ்சல்வழிக் கல்வி பெருந்துணையாக அமைந்ததை யாவரும் அறிவர். தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் இம்முறையைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இதனை மேற்கொண்டன. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. இவ்வழியில் வரலாறு பயில்வோருள் பள்ளி ஆசிரியரும், அலுவலக எழுத்தரும், ஆலைத் தொழிலாளரும், மக்களை வளர்த்து ஆளாக்கிய பின் நூலைக் கையில் எடுத்த தாய்மாரும் உளர். இவர்கள் எழுத்துத் தேர்வுக்கு அஞ்சுவதில்லை. அச்சிட்ட பாடநூல் கையில் இருக்கிறது. பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என்று பாடத்திட்டம் கேட்கும் இடத்தில்தான் இடர்ப்படுகின்றனர். எழுதுவதினும் எதனைப் பற்றி எழுதுவது என்பதே அவர்தம் முதல் இடர்ப்பாடு.

இதனைத் தமிழ்த்துறையார் ஆராய்வது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எம் கருத்து. தொலைநிலையில் வரலாறு பயில்வோருள் தமிழில் முன்னரே பட்டம் பெற்றவர் பலர். அவர்கள் தலைப்பு வேண்டித் தமிழாசிரியரையே முதலில் நாடுகின்றனர். மேலும், அவர்கள் கையாளக்கூடிய சான்றுகளிற் பெரும்பகுதி தமிழில் உள்ளவை: கல்வெட்டு, தலபுராணம், கும்மி, சிந்து, இதழ், ஊர்க்கணக்கு. இவற்றைப் படிக்கவும் எடைபோடவும் தமிழ்ப் பயிற்சி வேண்டும். ஆகவே அவர்க்குத் தலைப்புக் காட்டும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

நேர்முறை மாணவர்க்கும் தொலைநிலை மாணவர்க்கும் உள்ள வேறுபாட்டை முதற்கண் தெளிதல் வேண்டும். நேர்முறை மாணவர் தவறான தலைப்பைத் தேர்ந்தால், அடுத்த திங்களே நெறியாளர் அதனைக் கண்டு திருத்துவர். தொலைநிலை மாணவர்க்கு நெறியாளரைக் காணும் வாய்ப்பு ஆண்டில் சிலமுறையே. வார விடுமுறையும், பணியில் ஈட்டிய விடுப்பிற் சில நாளுமே அவர் பெறும் காலம். ஆவணக் காப்பகங்களோ அலுவலக நாட்களில் அலுவலக நேரத்திலேயே திறந்திருப்பன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வுள்ள ஒருவர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நம்பித் தலைப்பெடுத்தால் என்னாகும்? நான்கு நாள் விடுப்பெடுத்து வந்து, இரண்டு நாள் அட்டவணையைப் புரட்டுவதில் கழித்து, மூன்றாம் நாள் கேட்ட கட்டு கிடைக்காமல் ஊர் திரும்புவார். இவ்வாறு ஊர் திரும்பியவர் பலர் அப்படிப்பையே கைவிடுகின்றனர். அவர் அறிவில் குறையில்லை. தலைப்பிலேதான் குறை இருந்தது. கட்டிய பணமும் கழிந்த ஆண்டுகளும் மீள்வன அல்ல. நாற்பது வயதில் ஒருமுறை கைவிட்ட படிப்பை மீண்டும் தொடங்குவோர் மிகச் சிலரே.

இனி, இவர்கள் இயல்பாக விரும்பும் தலைப்புகள் எவை எனின், ‘சோழர் ஆட்சிமுறை’, ‘விடுதலைப் போரில் தமிழகத்தின் பங்கு’, ‘நாயக்கர் காலச் சமுதாயம்’ என்பன போன்றவை. இவை பாடநூலின் அதிகாரப் பெயர்களே அன்றி ஆய்வுத் தலைப்புகள் அல்ல. இவற்றை எடுத்துக்கொண்டவர், நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றில் எழுதியதையும் சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் எழுதியதையும் சுருக்கி எழுதுவதன்றி வேறொன்றும் செய்தற்கியலாது. பெரிய பொருளை எடுத்தால் பெரிய கட்டுரை அமையும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில், பொருள் பெருகப் பெருகக் கட்டுரை பாடநூலை நெருங்கும்; பொருள் ஒடுங்க ஒடுங்கச் சான்றை நெருங்கும்.

இங்கிலாந்தில் மேனிலைப் பள்ளித் தேர்வுக்கு வரலாறு எழுதும் மாணவர்க்கு உள்ள விதி ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. ஏ.கியூ.ஏ. என்னும் தேர்வுக் குழுவின் பாடத்திட்டத்தில், மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு மாணவர் தாமே தேர்ந்த பொருள்பற்றிய கட்டுரைக்கு உரியது. கட்டுரை 3,500 முதல் 4,500 சொற்களில் அமைதல் வேண்டும். ஏறத்தாழ 100 ஆண்டுக் காலப் பின்னணியில் பொருளை வைத்துப் பார்த்தல் வேண்டும். முதன்மைச் சான்றுகளையும், கருத்து வேறுபடும் வரலாற்றாசிரியரையும் மதிப்பிடுதல் வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் படித்த பகுதியையே மீண்டும் எழுதலாகாது. அங்கும் தனித்தேர்வராகப் பயிலும் வயது வந்தோர் இடர்ப்படுகின்றனர். கட்டுரை அவரே எழுதியது என்று சான்றளிக்கவும் மேற்பார்வையிடவும் ஒரு தேர்வு மையம் வேண்டும். எல்லா மையங்களும் வெளியாரை ஏற்பதில்லை. இவ்விதிகள் நம்மவர்க்கு உரியன அல்ல. எனினும் அவற்றுள் ஒன்று நாம் கொள்ளத்தக்கது: தலைப்பு ஒரு வினாவாக அமைதல் வேண்டும் என்பது. ‘இது காரணமா, அது காரணமா?’, ‘எந்த அளவுக்கு மாறியது?’ என்று கேட்கும் தலைப்பு, கட்டுரைக்குரிய வழியைத் தானே காட்டும். ‘ஓர் ஆய்வு’ என முடியும் தலைப்பு எவ்வழியையும் காட்டாது. நம் துறைகளில் அம்முடிபு நீண்ட காலமாக வழங்கி வருகின்றது. அது நீங்குதல் நலம்.

அவ்வாறாயின் தலைப்பை எங்கிருந்து தொடங்கித் தேடுவது? சான்றிலிருந்து தொடங்குக என்போம். தன் வீட்டினின்றும் ஒரு நாட் பயணத்தில் சென்று மீளும் எல்லைக்குள் எழுத்துச் சான்று எங்கெங்கு உள்ளது என்பதைப் பயில்வோர் முதலில் எழுதிக்கொள்ளல் வேண்டும். அதன் பின்னரே வினா. இது தலைகீழ் முறையாகச் சிலர்க்குத் தோன்றும். வினா பிறந்த பின்னரே சான்று தேட வேண்டும் என்பது ஆய்வு முறை நூல்கள் கூறும் ஒழுங்கு. முழுநேர ஆய்வாளர்க்கு அவ்வொழுங்கு தகும். காலமும் பணமும் அளவாகப் பெற்றவர்க்குத் தகாது.

இம்முறைக்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரிகள் உள. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டே வரலாற்றாய்வு செய்தவர்; 1942-இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அவர் வாழ்ந்த வட்டாரம் சோழர் கல்வெட்டுகள் நிறைந்த கோயில்கள் சூழ்ந்தது. பிறந்த ஊரான திருப்புறம்பயத்தின் தலவரலாற்றையும் அவர் எழுதினார். கும்பகோணத்தில் இருந்தமையால் சோழர் வரலாறு அவர்க்குக் கைக்கெட்டும் பொருளாயிற்று. வேறொரு மாவட்டத்தில் பள்ளியாசிரியராக இருந்திருப்பின் வேறு பொருளை நாடியிருப்பார் போலும். மயிலை சீனி. வேங்கடசாமியாரும் பள்ளியாசிரியரே. ‘கிறித்தவமும் தமிழும்’ 1936-லும், ‘பௌத்தமும் தமிழும்’ 1940-லும், ‘சமணமும் தமிழும்’ 1954-லும் வெளிவந்தன. இந்நூற்பெயர்களின் அமைப்பை நோக்குக. ஒரு சமயத்தின் முழு வரலாற்றையும் அவர் எழுத முற்படவில்லை. தமிழின் முழு வரலாற்றையும் எழுத முற்படவில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ‘இதுவும் அதுவும்’ என்னும் அவ்வமைப்பு, காலம் குறைந்த ஆய்வாளர்க்குப் பொருளை ஒடுக்கிக்கொள்ளும் நல்ல கருவியாகும்.

மற்றுமொரு முன்மாதிரி மாணவர்களைப் பற்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், தத்தம் ஊரின் நிலம், தொழில், கடன், கூலி ஆகியவற்றை விசாரித்து எழுதிவரப் பணித்தார். அக்கட்டுரைகளின் தொகுப்பு 1918-இல் நூலாக வெளிவந்தது. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. எழுதியவர் மாணவர்; எழுதிய பொருள் தம் ஊர். ஆயினும் 1936-37-இல் தாமஸ், இராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களுக்கே மீண்டும் சென்று ஆராய்ந்தனர். அதன் பின்னரும் ஆய்வாளர் சென்றனர். ஒரு நூற்றாண்டாகத் தமிழக ஊர்ப்புறப் பொருளியலை ஆராய்வோர் அம்மாணவர் எழுத்தைச் சான்றாகக் காட்டி வருகின்றனர். பெருந்தலைப்பு எடுத்திருந்தால் அவற்றை இன்று எவரும் தேடார்.

இவ்விடத்தில் இரண்டொரு தலைப்பை எடுத்து, அது எவ்வாறு உருப்பெறும் என்பதைச் சற்று விரிவாகக் காண்பாம்.

நாகப்பட்டினத்தில் வாழும் ஒருவர், இரயில்வேயில் பணியாற்றுபவர் என்று கொள்வோம். ‘இந்திய இரயில்வேயின் வரலாறு’ என்று அவர் தலைப்புக் கொண்டு வருவார். அதனைத் தென்னிந்திய இரயில்வே என்று சுருக்கினாலும் பெரிதே. அவர் ஊரிலேயே ஒரு பொருள் இருக்கின்றது. நாகப்பட்டினத்தினின்றும் திருச்சிராப்பள்ளிக்கு 1861-62-இல் இருப்புப்பாதை அமைந்தது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதன் தொடர்பில் தண்டனை பெற்றனர். இவ்வேலைநிறுத்தத்தைப் பற்றித் தொழிலாளர் இயக்க வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். நம் மாணவர் கேட்கத்தக்கது வேறு: பணிமனை நீங்கிய பின் நாகப்பட்டினம் என்னாயிற்று? 1921, 1931 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கு நகரத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டும். நகராட்சியின் ஆண்டறிக்கைகள் வீட்டுவரி வருவாயைக் காட்டும். எந்தத் தெருவில் தொழிலாளர் குடியிருந்தனர், அவ்வீடுகள் எவர் கைக்கு மாறின என்பதைப் பத்திரப் பதிவுகள் காட்டக்கூடும். ‘பணிமனை மாற்றத்தால் நாகப்பட்டின நகரம் அடைந்த மாறுதல் எத்தகையது? 1921–1941’ என்பது தலைப்பாகும். இதில் இந்திய இரயில்வேயும் உண்டு, தொழிலாளர் இயக்கமும் உண்டு. ஆயினும் இரண்டும் முன்னுரையில் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

இத்தலைப்பில் ஒரு குறையும் உண்டு. 1928-இல் அதனைக் கண்டவர் இன்று இலர். வாய்மொழிச் சான்று வேண்டும் தலைப்பாயின் காலத்தை முன்னோக்கி நகர்த்துதல் வேண்டும். இன்று எண்பது வயதுடையவர் 1960-களில் இளைஞராய் இருந்தவர். தஞ்சை மாவட்டத்தில் 1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்தையும், அப்பதிற்றாண்டில் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லையும், அதனோடு வந்த உரக் கடனையும், கூலி மாற்றத்தையும் நேரில் அறிந்தவர் அவரே. உழுதவரும் நட்டவரும் தம் கதையை எழுதிவைத்தாரல்லர். வேளாண்துறையின் கோப்பில் மூட்டைக் கணக்கு இருக்கும். எந்த நெல்லை ஏன் கைவிட்டனர், சோறு சுவை குன்றியதாக வீட்டில் என்ன சொன்னார்கள், அறுவடைக் கூலி நெல்லாகவா பணமாகவா என்பதில் எவ்வாறு பிணக்கு எழுந்தது என்பன அக்கோப்பில் இரா. இன்னும் பத்தாண்டு கழித்து இத்தலைப்பை எடுப்பவர்க்கு அவர்களுட் பெரும்பாலோர் கிடையார். பல்கலைக்கழகத்தின் முழுநேர ஆய்வாளர் சிலரே, ஊர்கள் பல்லாயிரம். ஆங்காங்கு வாழும் தொலைநிலை மாணவர் செய்யாவிடின் இப்பணியைச் செய்வார் பிறர் இலர்.

எழுத்துச் சான்றுகளின் நிலையும் இதுவே. கர்ணம் முதலிய பரம்பரை ஊர்ப் பதவிகள் தமிழகத்தில் 1980-இல் நீக்கப்பட்டன. அவர்தம் வீடுகளில் தங்கிவிட்ட பழங்கணக்குகள் கரையானுக்கும் பழந்தாள் வணிகர்க்கும் இரையாகி வருகின்றன. கூட்டுறவுச் சங்கங்களின் பழைய தீர்மானப் புத்தகங்களுக்கும் இக்கதியே. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ஊர்தோறும் தோன்றிய கடன் சங்கங்களுள் ஒன்றன் தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பேரேடு ஆகியன ஓர் எழுத்தரின் அலுவலக அலமாரியிலேயே இருக்கக்கூடும். 1930-களின் விலைவீழ்ச்சியில் யார் கடன் கட்டத் தவறினர், 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தின் முன்னும் பின்னும் சங்கம் யார்க்குக் கடன் கொடுத்தது, யார்க்கு மறுத்தது என்று அவர் கேட்டால், பேராசிரியர் எவர்க்கும் கிட்டாத சான்று அவர்க்குக் கிட்டும். ஆனால் அலுவலக ஆவணத்தைப் பயன்படுத்த எழுத்துவழி இசைவு பெறுதல் வேண்டும். பழங்கடனாளியின் பெயரை அப்படியே எழுதுவது அவர் வழியினர்க்கு இழுக்காகும் என்பதையும் நினைதல் வேண்டும்.

இலக்கியச் சான்றுக்கு வருவோம். இது நம் துறைக்கு உரிய பொருளாதலின் சிறிது விரிவாகவே கூறுவோம். தமிழ்ப் பட்டம் பெற்றவர் வரலாற்றுக் கட்டுரை எழுதப் புகுங்கால் இலக்கியத்திலிருந்தே பொருளெடுக்க விழைவது இயற்கை. அவ்விழைவு நன்றே. 1876–78 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றே நினைவிற் கொண்டனர். கும்மிகளும் சிந்துகளும் அதுபற்றி எழுந்தன. அரசாங்கத் தரப்பில் அறிக்கைகள் பல உள. வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூலும் உண்டு. ‘தாது வருடப் பஞ்சமும் தமிழ்க் கும்மியும்’ என்று ஒருவர் தலைப்புக் கொள்ளலாம். வேங்கடசாமியார் வழியே அது.

ஆயின் கும்மியில் உள்ளதெல்லாம் நிகழ்ந்தது என்று கொள்ளுதல் பிழை. பஞ்சத்தைப் பாடுவதற்கு மரபுகள் உள. தாலியை விற்றலும், குழந்தையை விட்டுச் செல்லுதலும், கஞ்சித் தொட்டியின் முன் குலவேற்றுமை கெடுதலும் பல பஞ்சப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருவன. மரபாக வந்ததெல்லாம் பொய் என்று தள்ளுதலும் பிழையே. பஞ்சந்தோறும் அவை நிகழ்ந்தமையால்தான் மரபாயின எனலாம். செய்யத்தக்கது யாதெனின், பாடலில் பெயர் சுட்டிக் கூறப்படுவனவற்றை வேறாகப் பிரித்தல்: ஊர்ப்பெயர், அலுவலர் பெயர், தானிய விலை, வேலை கொடுத்த இடம். விலையை அரசாங்க விலைப்பட்டியலோடு ஒப்பிடலாம். வேலை நடந்த இடத்தைப் பொதுப்பணித்துறை அறிக்கையோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்தால் புலவர் கண்டு பாடினார் என்று ஓரளவு துணியலாம். மாறுபட்டால் அம்மாறுபாடே கட்டுரையின் சுவையான பகுதியாகும். யாருக்குப் பாடினார், யாரைப் புகழ்ந்தார், அச்சிடப் பணம் தந்தவர் யார் என்பனவெல்லாம் அப்போது வினாவாக எழும்.

ஆண்டுக் குறிப்பில் விழிப்பு வேண்டும். தாது என்னும் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1816-17, 1876-77, 1936-37 ஆகிய மூன்றும் தாதுவே. நூலின் மொழியும் அச்சகப் பெயரும் கொண்டே எத்தாது என்று துணிதல் வேண்டும். வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் உள; பசலியோடு 590 கூட்டக் கிறித்தவ ஆண்டு வரும், அதுவும் ஜூலையில் தொடங்குவது. எனவே பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. தாது சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒப்பிட்டால் மூன்று திங்கட் கணக்குப் பிறழும். பஞ்ச காலத்தில் மூன்று திங்கள் என்பது ஆயிரக்கணக்கான உயிர்.

எல்லைகளும் இவ்வாறே ஏமாற்றும். 1871-ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை பெரிதும் குறைந்து காணப்படுகின்றது. பஞ்சத்தின் கொடுமைக்கு அது கண்கூடான சான்று. ஆனால் அன்றைய சேலம் இன்றைய சேலம் அன்று. தருமபுரி 1965-லும், நாமக்கல் 1997-லும், கிருட்டிணகிரி 2004-லும் தனி மாவட்டங்களாயின. இன்றைய எல்லையை வைத்துப் பழைய எண்ணைப் படிப்பவர் இல்லாத வீழ்ச்சியைக் காண்பர், உள்ள வீழ்ச்சியைக் காணார். வட்டவாரியாகக் கணக்கெடுத்தல் பாதுகாப்பானது.

சான்று கிடைக்கும் இடங்களைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். மாவட்டக் கையேடுகளும் விவரச்சுவடிகளுமே முதலில் படிக்கத்தக்கவை: மதுரைக்கு நெல்சன் 1868-இல் எழுதியது, தஞ்சைக்கு வெங்கசாமி ராவ் 1883-இல் எழுதியது, கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் 1887-இல் எழுதியது, திருநெல்வேலிக்குப் பேட் 1917-இல் எழுதியது முதலியன. இவை ஆட்சியாளர் கண்ணால் எழுதப்பட்டவை என்பதை மறவாமற் படித்தல் வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தின் சில ஊர்களுக்குத் தனித்தனியே ஆய்வேடு எழுதப்பட்டது. தம் ஊரோ அண்டை ஊரோ அவற்றுள் உளதாயின் தலைப்புத் தேடும் வேலையிற் பாதி முடிந்தது எனலாம். தமிழ் அச்சு நூலுக்கும் இதழுக்கும் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. கோட்டையூரில் வாழ்ந்த தனிமனிதர் ஒருவர் தம் ஆர்வத்தால் திரட்டிய நூல்களைக் கொண்டு 1994-இல் அது நிறுவப்பட்டது. பட்டமும் பதவியும் இல்லாதவர் வரலாற்றுக்குச் செய்யக்கூடிய தொண்டுக்கு அதனினும் சிறந்த சான்று யாம் அறியோம். இப்பொழுது மின்வடிவில் பல்லாயிரம் பழந்தமிழ் நூல்கள் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அவற்றுள் முதன்மையானது. முன்னாளில் தொலைநிலை மாணவர்க்கு இருந்த இடர்ப்பாடு இதனாற் பெரிதும் குறைந்துள்ளது. குறைந்தவிடத்தும், மின்வடிவிற் கிடைப்பதே வரலாறு என்று கொள்ளும் புதிய இடர்ப்பாடு ஒன்று தோன்றியுள்ளது. எளிதிற் கிடைப்பன அச்சேறியவை. அச்சேறாதவை ஊரிலேயே கிடக்கின்றன.

அண்மையிலுள்ள பொருளைத் தேர்க என்று யாம் கூறுவதற்கு ஒரு மறுப்பு உண்டு. அண்மை பற்றுக்கு இடங்கொடுக்கும் என்பது அது. வலுவான மறுப்பே. தம் குலத்தின் பெருமை, தம் முன்னோர் பெற்ற இனாம், தம் ஊர்க் கோயிலின் தொன்மை ஆகியவற்றை நிறுவுதற்கென்றே சிலர் வரலாறு பயில வருகின்றனர். அவர்களைப் பழித்தல் தகாது; பற்றில்லாதவர் விடுமுறை நாளில் கல்வெட்டுப் படிக்கச் செல்லார். ஆயினும், விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் தலைப்பு தலைப்பன்று. இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. “எத்தகைய சான்று கிடைத்தால் உம் கருத்தை மாற்றிக்கொள்வீர்?” என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். விடை கூற இயலுமாயின் அத்தலைப்பை ஏற்கலாம். இயலாதாயின், அதே ஊரில், அதே சான்றில், வேறு வினாவை எடுக்கச் செய்யலாம். இனாம் பெற்ற குடும்பத்தவர் தம் முன்னோர் புகழை விடுத்து, அந்நிலத்தை உழுதவர் செலுத்திய வாரம் நூறாண்டில் எவ்வாறு மாறியது என்று ஆராயட்டும். வீட்டிலுள்ள ஓலையும் தாளும் அவ்வினாவுக்கும் விடை கூறும். பிறர் எவர்க்கும் அவ்வீட்டார் அவற்றைக் காட்டார்.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று எண்ணி, ஆங்கில நூற் சுருக்கத்தையே நாடும் தலைப்புகளைச் சிலர் தேர்கின்றனர். தமிழில் எழுத இசைவளிக்கும் பாடத்திட்டத்தில் தமிழிலேயே எழுதுக என்போம். ஊர்க்கணக்கின் சொற்களான புறம்போக்கு, வாரம், குத்தகை, மானியம், தரிசு என்பனவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து மீண்டும் தமிழில் எண்ணுவதால் பொருள் திரிவதன்றிப் பயனில்லை.

தலைப்பை உறுதி செய்யுமுன் மாணவர் ஒரு சிறு வேலை செய்தல் நலம். ஒரு விடுமுறை நாளில், கருதிய சான்று இருக்கும் இடத்துக்கு நேரே சென்று, அது திறந்துள்ளதா, காட்டுவார்களா, எழுத்துப் படிக்கக்கூடியதா என்று பார்த்துப் பத்துப் பக்கம் படியெடுத்து வருதல் வேண்டும். அப்பத்துப் பக்கத்தில் ஒரு புதுச் செய்தியேனும் இருந்தால், அத்தலைப்பையே பதிவு செய்யலாம். படியெடுத்த தாளில் சான்றின் இடம், கட்டு எண், பக்க எண், நாள் ஆகியவற்றை அன்றே குறித்தல் வேண்டும். ஆறு திங்கள் கழித்து அக்குறிப்புக்காக மீண்டும் விடுப்பெடுக்க இயலாது. ஆய்வேடு முடிந்தபின் அதன் படி ஒன்றையும், முதியோர் கூற்றை எழுதிய குறிப்பேட்டையும், கூறியவர் இசைவு பெற்று, அவ்வூர்க் கிளை நூலகத்தில் வைக்குமாறு எம்மிடம் வருவோர்க்குச் சொல்லி வருகிறோம்.